மாஸ்டர் பழக்கிய அணி, கப்டன் வென்ற கிண்ணம்

அந்தக் கிண்ணத்தை வென்றது யார் என்று எங்களுக்குள் சண்டை வந்தபோது நான் ஒரு பக்கம் நின்றேன். நின்றேன் என்று சொன்னால் போதாது. அந்தப் பக்கத்தில் அதிகம் கத்தியது நான்தான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சுவிசில், லோசான் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் எனக்குத் துப்புரவு வேலை. பக்கத்து ஊரான ரெனானில், ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், என் வகுப்புத் தோழன் ஒருவனோடு இரண்டு அறை வீட்டில் இருந்தேன். அவன் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தான். இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரே காலேஜில் படித்தவர்கள். எங்கள் ஊரில் காலேஜ் என்பது பள்ளிக்கூடம்தான். ஆனால் எந்தக் காலேஜ், அதன் உதைபந்தாட்ட அணி எப்படி என்பது கலியாணப் பேச்சு வரைக்கும் கூட வருகிற விஷயம். அகதியாக வந்து பெர்மிட்டுக்குக் காத்திருந்த காலத்திலும் அதை நாங்கள் விடவில்லை. சுவிசில் சிதறியிருந்த பழைய மாணவர்கள் சேர்ந்து அணி அமைத்தோம். மற்றக் காலேஜ்காரர்களும் அப்படியே செய்தார்கள். ஒவ்வொரு கோடையிலும் ஆராவ் நகரில் ஒரு மைதானத்தில் எல்லா அணிகளும் கூடி, ஒரே நாளில் ஆடி முடிக்கும்.

எங்கள் அணியை முதலில் பழக்கியவர் எங்கள் காலேஜ்காரர் அல்ல. மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வருடக்கணக்காக உதைபந்தாட்டம் பழக்கிய மாஸ்டர். ஐம்பது வயதிருக்கும். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. எங்களுக்குள் பந்து விளையாடத் தெரிந்தவர்கள் பலர், பழக்கத் தெரிந்தவர் யாரும் இருக்கவில்லை. அதனால் அவரைப் போய்க் கேட்டோம். சம்மதித்தார்.

நான்கு வருடம் பழக்கினார். சனிக்கிழமை காலை எட்டரைக்கு மைதானத்தில் நிற்க வேண்டும். ஏரிப் பக்கத்திலிருந்து பனிப்புகார் ஏறி வந்து எதிர்க் கோல் கம்பம் தெரியாத நாட்களிலும் அவர் அங்கே நிற்பார். முதல் ஒரு மணி நேரம் பந்தே கிடையாது, ஓட்டம் மட்டும். பிந்தி வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அடுத்த ஆட்டத்தில் வெளியே. நடுவரோடு வாய் காட்டினால் அடுத்த இரண்டு ஆட்டங்களில் வெளியே. சத்தம் போடமாட்டார். பிழை விட்டவனைக் கூப்பிட்டு அவன் காதுக்கு மட்டும் கேட்கச் சொல்லுவார். பார்க்க வருகிற எங்களுக்கு அது பிடிக்கவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தும்போது அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வானிலை பார்ப்பவர் போல நிற்பார்.

முதல் இரண்டு கோடையும் முதல் சுற்றிலேயே வீடு வந்தோம். மூன்றாவதிலும் நான்காவதிலும் அரையிறுதியில் தோற்றோம். நான்காவது தோல்விக்குப் பிறகு வந்த வசந்தத்தின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், தேவாலயம் ஒன்றின் கீழ் மண்டபத்தில் பொதுக்கூட்டம் வைத்தோம். நான் எழுந்து பேசினேன்.

“மாஸ்டர் நல்ல மனிசன். அதிலை எனக்கு ஒரு மறுகதையும் இல்லை. ஆனா வெளியாளுக்கு எங்கடை காலேஜின்ரை சூடு தெரியாது. எங்கடை ஆள் ஒருத்தர் பழக்கவேணும்.”

கைதட்டினார்கள். நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே தட்டினார்கள். மாஸ்டர் கடைசி வரிசையில், குளிர்த்தொப்பியை முழங்காலில் வைத்தபடி இருந்தார். அவரை மாற்றுவது என்று கை உயர்த்தி முடிந்ததும் எழுந்து முன்னால் வந்து, மைதானத்துச் சாமான் அறையின் திறப்பை மேசையில் வைத்தார்.

“ரெண்டு தரம் சுத்தவேணும். ஒருதரம் சுத்தினா பூட்டினமாதிரி இருக்கும், ஆனா பூட்டாது,” என்றார். பிறகு போய்விட்டார்.

புதிதாக வந்தவரை எல்லோரும் கப்டன் என்றுதான் கூப்பிட்டோம். ஒரு காலத்தில் எங்கள் காலேஜ் அணிக்குத் தலைவராக இருந்தவர். முப்பத்தைந்து வயது, கட்டட வேலையில் கம்பி கட்டுபவர். ஆளைக் கட்டிப்பிடிப்பார், ஏசுவார், கோல் விழுந்தால் எங்களோடு சேர்ந்து துள்ளுவார். ஓட்டத்தைக் குறைத்துப் பந்தைக் கூட்டினார். அவர் செய்ததில் பெரிய மாற்றம் ஒன்றுதான். நான்கு வருடமும் பின்வரிசையில் நின்ற ஒரு நெடிய பெடியனைக் கொண்டுபோய் முன்வரிசையில் விட்டார். அவனுக்கே அதில் விருப்பமில்லை.

அந்தக் கோடையில் கிண்ணத்தை வென்றோம். இறுதியாட்டத்தில் இரண்டுக்கு ஒன்று. இரண்டையும் அடித்தவன் அந்த நெடிய பெடியன். இரண்டாவது, ஆட்டம் முடியச் சற்று முன்னர், எதிரணிக்காரர் முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்தது. நான் என் தோழனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான். அன்றைக்கு எங்களுக்குள் கட்சி இருக்கவில்லை.

திரும்பிப் போகக் குழுவாக ரயில் டிக்கட் எடுக்கும் பொறுப்பு என்னுடையது. மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டு நிற்க, நான் முன்னதாகவே ஆராவ் நிலையத்துக்கு நடந்தேன். டிக்கட் எடுத்துக்கொண்டு நடைமேடைக்கு ஏறியபோது மாஸ்டரைக் கண்டேன். மண்ணிறக் கோட்டும் சப்பாத்தும், ஞாயிறு தேவாலயப் பூசைக்குப் போகிற உடுப்பு. மர வாங்கில் தனியே இருந்தார். மடியில் ஒரு சாப்பாட்டுப் பார்சல் பிரிக்காமல் இருந்தது. ஆட்டம் பார்க்க வந்திருக்கிறார், எங்கள் யார் கண்ணிலும் படாமல் எங்கேயோ நின்று பார்த்திருக்கிறார் என்பது உடனே விளங்கியது.

அவர் தலையை நிமிர்த்துவதற்குள் நான் பக்கத்தில் நின்ற தின்பண்ட மெஷின் பக்கம் திரும்பிவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சொக்லேட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவருடைய ரயில் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். போய், “மாஸ்டர், நாங்கள் வெண்டிட்டம்” என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். மண்டபத்தில் நான் பேசியது அந்த ஒரு நிமிடத்துக்கு என்னை விடவில்லை.

அடுத்த சனிக்கிழமையே ரெனானில் எங்கள் தமிழ்க் கடையில் விவாதம் தொடங்கிவிட்டது. ஊர் மரக்கறி வருகிற நாள் அது. பாவற்காய்ப் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் இடையில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம். என் தோழன் மாஸ்டர் பக்கம்.

“கடைசிப் பத்து நிமிசம் மற்றவங்கள் எல்லாம் விழுந்து கிடக்க எங்கடை பெடியள் ஓடினாங்களே, அந்த மூச்சு எங்கையிருந்து வந்தது? கப்டன் மூண்டு மாசத்திலை குடுத்ததோ?” என்பான்.

“அதே மூச்சோடைதான் நாலு வருசம் தோத்தவங்கள். கோல் அடிச்சவனை முன்னுக்கு விட்டது ஆர்?” என்பேன் நான்.

“அவனுக்குப் பந்தை நிப்பாட்டக் காட்டிக் குடுத்தது ஆர்?”

“எங்கடை காலேஜிலை காட்டிக் குடுத்தது!”

இப்படியே போகும். கடை அண்ணை இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிக்கொண்டு கறிவேப்பிலை நிறுத்துக் கொடுப்பார். முதலில் அது ஒரு பொழுதுபோக்கு. ஆஸ்பத்திரியில் ஷெஃப் என்கிற மேற்பார்வையாளர் சொல்லுகிற பிரெஞ்சு பாதி விளங்காமல் கிழமை முழுக்கத் தலைகுனிந்து நிலம் துடைத்தவனுக்கு, தன் பாஷையில் ஒரு விஷயத்தை அடித்துப் பேசக் கிடைத்த இடம் அந்தக் கடை மட்டும்தான். ஆனால் போகப் போகப் பேச்சின் நிறம் மாறியது. மன்னார், யாழ்ப்பாணம் என்றார்கள். மாஸ்டர் கிறிஸ்தவர் என்பதைக் குத்தி, வேதக்காரர், சைவக்காரர் என்றும் ஒருநாள் ஒருவர் சொல்லிவிட்டார். சொன்னவரை நாங்கள் யாரும் தடுக்கவில்லை.

அப்படி ஒரு நாளில்தான் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னார்: “பழக்கின பெடியள் வெல்லுறதைப் பாக்கக்கூட வராத மனிசனுக்கு என்னத்துக்கு இவ்வளவு வக்காலத்து? எரிச்சல், வேறை ஒண்டுமில்லை.”

என் தோழன் மற்றவர்களை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். “நீ சொல்லு மச்சான். அவர் அப்பிடிப்பட்ட மனிசனோ? எரிச்சலிலை வராமல் விடுவாரோ?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“வரேல்லைத்தானே,” என்றேன்.

அவன் தலையசைத்துவிட்டுப் பாவற்காய் பொறுக்கத் தொடங்கினான். எங்கள் பக்கம் வென்றது.

பரிசளிப்பு விழாவுக்கு மாஸ்டரையும் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்க்க வேண்டும் என்று அவன் செயற்குழுவில் கேட்டான். அதையும் தடுத்தவன் நான்தான். அந்தாளைக் கூப்பிட்டுச் சங்கடப்படுத்தக் கூடாது என்று, அவர்மேல் அக்கறை உள்ளவன் மாதிரிக் கதைத்தேன். விழாவில் கப்டனை மேடைக்கு அழைத்துப் பேசச் சொன்னபோது, “எல்லாருக்கும் நன்றி” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அடக்கமான மனிசன் என்று அதையும் எங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். அதற்குப் பிறகு வீட்டில் என் தோழன் என்னோடு சோறு, உப்பு, குளியலறை என்பதற்கு மேல் பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

மாரிகாலம் வந்தது. ஒருநாள் காலை ஷெஃப் என்னை இருதய நோயாளர் பகுதிக்கு மாற்றினார். மூன்றாவது அறையில் துடைப்பத்தோடு நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் மாஸ்டர் படுத்திருந்தார். முகம் வற்றியிருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு வயர் ஓடியது.

“ஓ, நீரோ,” என்றார். “இங்கையோ வேலை?”

“ஓம் மாஸ்டர். என்ன செய்யுது?”

“நெஞ்சு சண்டித்தனம் பண்ணுது. வெட்டித் திருத்தப் போகினமாம்.”

கட்டிலுக்குக் கீழே துடைத்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தேன். அவருக்கு அங்கே சொந்தம் என்று யாருமில்லை. மனைவி ஊரிலேயே காலமாகிவிட்டார், ஒரே மகள் கனடாவில். அதெல்லாம் நான்கு வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அந்தக் கட்டிலருகேதான் தெரிந்துகொண்டேன். தினமும் போனேன். வேலை முடிந்த பிறகும் சில நாள் பத்து நிமிடம் நின்றேன். சத்திர சிகிச்சைக்கு முந்தின நாள் அவர் கேட்டார்:

“ஆராவிலை சொக்லேட் வாங்கினீரோ?”

துடைப்பத்தின் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இல்லை மாஸ்டர்.”

“கனநேரம் பாத்துக்கொண்டு நிண்டீர். அதுதான் கேட்டன்.”

குரலில் கேலி இருக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

“ஏன் மாஸ்டர் எங்களிட்டை வரேல்லை? மைதானத்திலை வந்திருக்கலாமே?”

“வெண்ட இடத்திலை என்னை ஆர் தேடப்போகினம்? தோத்திருந்தா வந்திருப்பன். தோத்த பெடியளுக்கு ஒரு ஆள் வேணும்.” கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “அந்த நெடியவனை நாலு வருசம் பின்னுக்கு வச்சுக்கொண்டு இருந்தனான். அவன் முதல் கோலை அடிக்கேக்கைதான் என்ரை பிழை எனக்கு விளங்கினது. கப்டனுக்குக் கண் இருக்கு. எனக்கு அது தெரியேல்லை.”

கடையில் நான் மாதக்கணக்காகக் கத்தியது அதைத்தான். அவர் வாயால் கேட்டபோது எனக்கு ஒரு சந்தோசமும் வரவில்லை.

“ஆனா கடைசிப் பத்து நிமிசம் ஓடினாங்கள், பாத்தீரோ...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. பிறகு, “விழாவுக்கு ஒரு கடிதம் வரும் எண்டு நினைச்சன். பெட்டியைத் திறந்து திறந்து பாத்தன். மனிசப் புத்தி,” என்றார்.

“நான்தான் வேண்டாம் எண்டு சொன்னனான் மாஸ்டர்,” என்றேன். “கடையிலையும், நீங்கள் வரேல்லை எண்டு பொய் சொல்லிப்போட்டன்.”

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார். வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது.

“வேலையைப் பாரும். ஷெஃப் வரப்போறார்,” என்றார்.

அவர் பிழைத்துக்கொண்டார். அவரை வீட்டுக்கு அனுப்பிய கிழமையில், சனிக்கிழமை நான் கடைக்குப் போனேன். விவாதம் அப்போது பழசாகி, ஆனாலும் சாகாமல் இருந்தது. எல்லோர் முன்னாலும் சொன்னேன்: “மாஸ்டர் ஆராவுக்கு வந்தவர். நான் கண்டனான். கண்டும் காணாதமாதிரி நிண்டனான்.”

அதோடு எல்லாம் அடங்கும் என்று நினைத்திருந்தேன். என் தோழனின் பக்கத்து ஆள் ஒருவர், “பாத்தியளோ! வெளியேத்தின பிறகும் வந்து பாத்த பெரிய மனிசன்!” என்றார். எங்கள் பக்கத்தவர் ஒருவர், “வந்தவர் ஒரு வாழ்த்துச் சொல்லாமல் ஒளிச்சுப் போனவர். எரிச்சல் எண்டு அப்பவே சொன்னனானே!” என்றார். நான் சொன்ன ஒரே விஷயத்தை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள்.

என் தோழன் மட்டும் கத்தவில்லை. கையிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

“எப்ப கண்டனி?”

“அண்டைக்கே.”

அவன் வெளியே போய்விட்டான். வீட்டுக்குப் போனபோது சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: “அண்டைக்கு நான் கடையிலை வேறை ஆரையும் கேக்கேல்லை. உன்னைத்தான் கேட்டனான். நீ பொய் சொல்லமாட்டாய் எண்டுதான் கேட்டனான்.”

வசந்தத்தில் அவனுக்குச் சூரிச் பக்கம் வேலை கிடைத்துப் போனான். வேலைக்காகப் போனானா, என்னோடு இருக்கமுடியாமல் போனானா என்று நான் கேட்கவில்லை. பெட்டிகளைக் கீழே இறக்க உதவினேன். கைகொடுத்துவிட்டுப் போனான்.

அதற்கு முன்னரே மாஸ்டரின் அறைக்குப் போயிருந்தேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு, ஒரு பாரம் இறங்கிய மனதோடு போனேன். கடையில் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன் போலும்.

“என்னத்துக்குச் சொன்னனீர்?” என்றார்.

“உண்மை தெரியவேணும்தானே மாஸ்டர்.”

“ஆருக்கு? எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும். வேறை ஆருக்கு அது தேவை?” அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான். “நான் பழக்கின பெடியள் வெண்டாங்கள். நான் ஒரு மூலையிலை நிண்டு பாத்தன். ஆரிட்டையும் ஒண்டும் கேக்காமல் வீட்டை வந்தன். அந்த ஒரு நாள் எனக்கெண்டு இருந்தது. அதையும் கொண்டுபோய்க் கடையிலை குடுத்திட்டீர். இப்ப அவையள் அதை வச்சுக் கதைக்கினம்.”

அவருக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். எனக்காகத்தான் சொல்லியிருக்கிறேன் என்பது அந்தச் சிறிய அறையில், அவருடைய மருந்துப் பெட்டிக்கு முன்னால் நின்றபோது விளங்கியது. அவர் மூச்சு வாங்கினார். பிறகு எழுந்து தேத்தண்ணி போட்டுத் தந்தார். இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்தேன்.

கிண்ணம் வென்ற பிறகு வந்த இரண்டு கோடையிலும் எங்கள் அணி தோற்றது. இரண்டாம் முறை முதல் சுற்றிலேயே. அந்த நெடிய பெடியனை மறுபடி பின்னால் விடச் சொல்லி ஒரு கூட்டம், விடாதே என்று ஒரு கூட்டம். கடைசியில் அதே மண்டபத்தில், இன்னொரு ஞாயிறு பின்னேரம், கப்டனை மாற்றுவதா என்று கூடினோம். புதிதாகச் செயற்குழுவுக்கு வந்த ஒருவர் எழுந்து பேசினார். கப்டன் நல்ல மனிசன் என்றுதான் அவரும் தொடங்கினார்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்து மாஸ்டர் உள்ளே வந்தார். கையில் ஊன்றுகோல். வெளியேற்றப்பட்ட நாளுக்குப் பிறகு அவர் எங்கள் கூட்டம் எதற்கும் வந்ததில்லை. யாரையும் பார்க்காமல் நேரே நடந்து, முன் வரிசையில் தனியே இருந்த கப்டனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கப்டன் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பேசிக்கொண்டிருந்தவர் கொஞ்சம் தடுமாறினார், பிறகு தொடர்ந்தார்.

கை உயர்த்தச் சொன்னார்கள். நான் உயர்த்தவில்லை. கப்டனுக்காக எழுந்து பேசவும் இல்லை. பேச வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. மாஸ்டர் தன் அறையில் அன்றைக்கு ‘என்னத்துக்குச் சொன்னனீர்’ என்று கேட்டது நினைவில் வந்து என்னை இருத்திவிட்டது என்று சொல்லலாம். பயம் என்றும் சொல்லலாம். கப்டன் தோற்றார். இருவரும் ஒன்றாக எழுந்து வெளியே போனார்கள்.

கதிரைகளை மடித்து அடுக்கிவிட்டு நான் வெளியே வந்தபோது அரை மணி நேரம் ஆகியிருக்கும். பஸ் தரிப்பிடத்தில் இருவரும் நின்றார்கள். மாஸ்டர் ஊன்றுகோலால் ஈர நிலத்தில் ஏதோ கோடு கீறிக் காட்டினார். கப்டன் குனிந்து பார்த்துவிட்டு, இல்லை என்பதுபோலத் தலையாட்டி, சப்பாத்தின் நுனியால் வேறு இடத்தைத் தொட்டார். மாஸ்டர் யோசித்தார். பிறகு ஓம் என்று தலையாட்டினார். பஸ் வந்து நின்று, கதவு திறந்து, மூடிப் போனது. அவர்கள் ஏறவில்லை. நானும் கிட்டப் போகவில்லை.

அடுத்த வருடம் மாஸ்டர் மகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். ஜெனீவா விமான நிலையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிவிட்டவர் கப்டன்தான் என்று கடை அண்ணை சொன்னார். அன்றைக்குக் கடையில் நாலைந்து பேர் நின்றோம். அண்ணை நிறுத்துக் கொடுத்த கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக வெளியே போனோம்.